ஒற்றைக் கால் வீக்கமும் சில்லிட்ட காலும்: ரத்த உறைவு பற்றி நம் மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் காரிமங்கலம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறவர்களைப் பார்க்கும் பொது மருத்துவர் நான். காலில் ரத்த உறைவு இருப்பதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பலர் எண்ணெய்த் தேய்ப்பிலும் ஒத்தடத்திலும் வலி மாத்திரையிலும் சில நாட்களைக் கழித்துவிட்டுத்தான் வந்து சேர்கிறார்கள். அந்த நாட்கள் வீணாவதுதான் என்னை வருத்துகிறது. நோயாளிகளும் அவர்களோடு கூட வருகிறவர்களும் கேட்கிற கேள்விகளைக் கொண்டே இதை எழுதியிருக்கிறேன். இதை வைத்து வீட்டிலேயே நோயை முடிவுகட்ட முடியாது. எப்போது வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதை முடிவுசெய்ய முடியும்.

அடிபட்ட இடத்தில் ரத்தம் கட்டுவதும், ரத்தக் குழாயில் உறைவதும் ஒன்றா?

வேறு வேறு. அடிபட்டால் ரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து தோலுக்கடியில் கசிகிறது. அந்த இடம் கன்றி, நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு மூன்று வாரத்தில் தானாக மறைந்துவிடும். இங்கே நாம் பேசுவது, ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ரத்தம் குழாய்க்கு உள்ளேயே உறைந்து வழியை அடைத்துக்கொள்வதை.

இதற்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள். ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் புண்படுவது, ரத்தத்துக்கே உறையும் தன்மை கூடிப்போவது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ செய்த ஆய்வுகளிலிருந்து வந்த விளக்கம் இது. அவர் பிறந்த அக்டோபர் 13தான் இப்போது உலக ரத்த உறைவு நாள். இடுப்பு எலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுத்திருக்கும் பாட்டிக்கு முதல் காரணம், பீடி பிடிக்கிறவருக்கு இரண்டாவது, பிரசவமான பெண்ணுக்கு மூன்றாவது. பல பேருக்கு இவற்றில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

சிரையில் அடைத்தால் ஒரு மாதிரி, தமனியில் அடைத்தால் ஒரு மாதிரி என்கிறார்களே, ஏன்?

தமனி இதயத்திலிருந்து நல்ல ரத்தத்தைக் கொண்டுவருகிறது. சிரை பயன்பட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் பயிர் காயும். வடிகால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கும். காலிலும் இதேதான்.

சிரை அடைத்தால் கால் வீங்கும், கனக்கும், சூடாக இருக்கும், நிறம் சிவந்தோ கருநீலமாகவோ மாறும். காலைத் தூக்கி வைத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் படிப்படியாகக் கூடும். தமனி திடீரென்று அடைத்தால் கால் வெளிறும், சில்லிடும், மரத்துப்போகும், நாடி தெரியாது. வீக்கம் முதலில் இருக்காது. காலைத் தொங்கவிட்டால்தான் சற்றுத் தேவலாம் போலிருக்கும். இது மணிக்கணக்கில் முற்றுகிற காரியம்.

இரண்டும் அவசரம்தான். ஆனால் சில்லிட்ட கால் என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

காலில் சிரை அடைத்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ஒரு காலா, இரண்டு காலா? ஒரு கால் மட்டும், அதுவும் சில நாட்களுக்குள் வீங்கியிருந்தால் ஆழ்சிரை உறைவை, அதாவது காலுக்குள் ஆழத்தில் ஓடும் சிரையில் ரத்தம் உறைவதை, நினைக்காமல் விடவே கூடாது.

பெரும்பாலும் கெண்டைக்காலில் தொடங்கும். குரக்களி பிடித்து விடாமல் இருப்பதுபோல் ஒரு வலி. அழுத்தினால் கெண்டைச் சதையின் நடுவில் வலிக்கும். நடந்தால், நின்றால் கூடும். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருக்கும். கட்டை விரலால் கணுக்காலுக்கு மேல் அழுத்தி எடுத்தால் குழி விழும், அந்தக் குழி மற்ற காலில் விழாது. மேல்தோலில் முன்பு தெரியாத சிரைகள் புடைத்துத் தெரியலாம்.

வீட்டில் தையல் டேப் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு முண்டாகத் தட்டுப்படும் இடத்திலிருந்து 10 செ.மீ. கீழே குறித்துக்கொண்டு, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றளவு எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் அதை மருத்துவர்களும் ஒரு முக்கியமான அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறோம். வித்தியாசம் குறைவு என்பதால் நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது.

தொடை வரை முழுக் காலும் வீங்கினால் உறைவு இடுப்புப் பக்கம் வரை ஏறியிருக்கிறது என்று பொருள். இடது காலில் இது அதிகம் வருகிறது. இடது காலின் ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரை, வயிற்றுக்குள் வலது பக்கத் தமனிக்கு அடியில் நசுங்கியபடிதான் போகிறது, அதுவே காரணம். கால் முழுக்க வீங்கிக் கருநீலமாகித் தாங்க முடியாமல் வலித்தால் காலே போகும் அபாயம் உண்டு.

பாதத்தை மேல்நோக்கி மடக்கி ‘வலிக்கிறதா’ என்று பார்க்கும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. அதை நம்பாதீர்கள். உறைவு உள்ளவருக்கு வலிக்காமலும் போகும், இல்லாதவருக்கு வலித்தும் விடும். சிலருக்குக் காலில் ஒன்றுமே தெரியாமல் இருந்து, நேராக மூச்சுத் திணறலில்தான் நோய் வெளிப்படும்.

எங்கள் ஊரில் கால் வலி இல்லாத ஆளே கிடையாது. எல்லாரும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல வருடம் அந்தப் போர்த் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு முதுகு, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகள் இறுகி வலிக்கும். அந்த வலி இரண்டு பக்கமும் இருக்கும், வருடக்கணக்காக மெல்ல வளரும், கெண்டைக்கால் வீங்காது. உறைவு தேதி சொல்லி வரும்: ‘போன செவ்வாய்க்கிழமையிலிருந்துதான் டாக்டர், இந்தக் கால் மட்டும்.’

பழைய வலிக்குப் பழகிப்போன மனிதர்கள்தான் புதிய வலியையும் அதன் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் அம்மாவோ அப்பாவோ ‘இது எப்பவும் இருக்கிறதுதான்’ என்று சொன்னாலும் இரண்டு காலையும் ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கால் வீக்கத்துக்கு வேறு காரணங்கள் இல்லையா?

நிறைய இருக்கின்றன. இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையாலும் இரு கணுக்கால்களும் வீங்கும். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. வீக்கத்தைப் பார்த்து நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், கொண்டுவரும் பணியாளரிடம் சொல்லுங்கள்.

ஒரு கால் வீங்கிச் சிவந்து, குளிர் காய்ச்சலும் இருந்து, பாதத்தில் முள் குத்தியதோ விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணோ இருந்தால் தோலுக்கடியில் சீழ்க்கிருமித் தொற்றாக இருக்கலாம். யானைக்கால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளர்வது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள நீர்க்கட்டி உடைந்து கெண்டைக்குள் இறங்கினாலும் அச்சு அசலாக உறைவு போலவே இருக்கும். ஸ்கேன் செய்துதான் பிரிக்க முடியும்.

காட்டு வேலைக்குப் போனவர்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சோளக்கொல்லையிலோ மாந்தோப்பிலோ வேலை செய்துகொண்டிருந்தவருக்குச் சில மணி நேரத்தில் ஒரு கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தாலோ சிறுநீர் சிவந்தாலோ, அது கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்ததாக இருக்கலாம். கடித்ததே தெரியாமல்கூடப் போகும். அங்கே ரத்தம் உறையாமல் போவதுதான் ஆபத்து. சிகிச்சை முற்றிலும் வேறு.

எண்ணெய் போட்டு நீவி விட்டால் ரத்த ஓட்டம் சீராகாதா?

தயவுசெய்து வேண்டாம். வீங்கிய ஒற்றைக் காலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், அது எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். சிரைக்குள் இருக்கும் புதிய உறைகட்டி லேசாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். உருவிவிட்டால் ஒரு துண்டு பிய்ந்து, தொடைச் சிரை வழியாக இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலை அடைக்கும்.

ஒத்தடமும் அப்படித்தான். தமனி அடைத்துச் சில்லிட்ட காலைப் பார்த்து ‘குளிர்ந்துபோச்சே’ என்று சுடுதண்ணீர்ப் பையை வைப்பார்கள். மரத்த கால் சூட்டை உணராது, தோல் வெந்துவிடும். ரத்தம் வராத தோலில் அந்தப் புண் ஆறவும் ஆறாது.

நுரையீரலுக்குப் போய்விட்டால் என்ன தெரியும்?

திடீர் மூச்சிரைப்புதான் முதன்மையானது. உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கும். மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்துவதுபோல் வலிக்கும். இதயம் படபடவென்று நிமிடத்துக்கு 100க்கு மேல் துடிக்கும். சிலருக்கு இருமலில் ரத்தம் வரும். லேசாகக் காய்ச்சல் அடிக்கலாம், அதனால் சளி, நிமோனியா என்று மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. பெரிய துண்டு போய் அடைத்தால் மயங்கி விழுவார்கள், ரத்த அழுத்தம் இறங்கும், சில நிமிடங்களில் உயிரே போகலாம்.

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர், கட்டிலில் இருந்து எழுந்து கழிப்பறைக்குப் போகும்போது மயங்கி விழுந்தார் என்றால் பலவீனம் என்று ஒதுக்காதீர்கள். அண்மையில் ஆபரேஷன், பிரசவம், எலும்பு முறிவு, புற்றுநோய் சிகிச்சை, நெடுநாள் படுக்கை இவற்றில் ஏதாவது ஒன்று இருந்து, காரணம் தெரியாத மூச்சிரைப்பும் சேர்ந்தால் 108தான். மருத்துவமனையிலிருந்து வீடு வந்த பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் வரை இந்த அபாயம் இருக்கிறது.

காலில் இருக்கும் உறைகட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருமா?

இந்தப் பயம் எல்லாரிடமும் இருக்கிறது. காலின் சிரையிலிருந்து கிளம்பும் துண்டு நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும், தாண்டிப் போகாது. இதய அறைகளுக்கு நடுவே பிறவியிலேயே சிறு துவாரம் உள்ள ஒரு சிலருக்கு மட்டும் அது வழியாக இடது பக்கம் போய் மூளையை அடையலாம். அது அரிது. மூளைக்குப் போகும் கட்டிகள் பெரும்பாலும் இதயத்தின் இடது பக்கத்திலிருந்தும் கழுத்துத் தமனியிலிருந்தும் கிளம்புகின்றன.

தமனி திடீரென அடைத்தால் காலில் என்னென்ன பார்க்க வேண்டும்?

வலி, வெளிறல், நாடி இல்லாமை, சில்லிடுதல், மரத்துப்போதல், அசைக்க முடியாமை என்று ஆறு அடையாளங்களை மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். வீட்டில் உள்ளவர்களும் இவற்றைப் பார்க்கலாம். புறங்கையால் இரண்டு பாதங்களையும் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஒன்று சில்லென்று இருந்தால் எந்த இடத்திலிருந்து சில்லிடுகிறது என்று மேலே தடவிக்கொண்டே போங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள்; வெளுத்த நகம் இரண்டு மூன்று விநாடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். கண்ணை மூடச் சொல்லி விரலைத் தொட்டு ‘எந்த விரல்’ என்று கேளுங்கள். விரல்களை ஆட்டச் சொல்லுங்கள். உணர்வு போய், அசைவும் போகத் தொடங்கினால் காலத்தின் விளிம்பில் நிற்கிறோம் என்று அர்த்தம். ரத்தம் முழுக்க நின்றுபோன சதையும் நரம்பும் ஏறக்குறைய 6 மணி நேரத்தில் மீட்க முடியாதபடி கெடத் தொடங்கும்.

வலி இடி விழுந்ததுபோல் ஒரே நொடியில் வந்தால், கட்டி எங்கிருந்தோ கிளம்பி வந்து சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் இதயத்திலிருந்து. இதயம் தாளம் தப்பித் துடிக்கும் வயதானவர்களுக்கும், சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு மூட்டாக வீங்கி அதனால் இதய வால்வு சுருங்கிப்போனவர்களுக்கும் இது நடக்கிறது. வால்வுக் கோளாறு இருப்பதே தெரியாமல் முப்பது வயதுப் பெண் ஒருத்தி சில்லிட்ட காலோடு வருவது மருத்துவர்கள் யாரும் மறக்க முடியாத காட்சி.

அஞ்செட்டியிலோ சித்தேரி மலையிலோ இருப்பவருக்கு 6 மணி நேரம் என்பது மிகக் குறைவு. கீழே இறங்கவே நேரம் பிடிக்கும். விடியட்டும், பஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காலை உயர்த்தி வைக்காமல் சமமாக, அல்லது கொஞ்சம் தாழ்வாக வைத்து, போர்வையால் தளர்வாகப் போர்த்திக் கொண்டுவாருங்கள். 108இல் பேசும்போது ‘கால் வலி’ என்று மட்டும் சொல்லாமல், ‘திடீரென்று ஒரு கால் சில்லிட்டு வெளுத்துவிட்டது, இத்தனை மணிக்குத் தொடங்கியது’ என்று சொல்லுங்கள். ரத்தக் குழாய் அறுவை சிகிச்சை எங்கே நடக்கிறது என்று அப்போதே கேட்டுக்கொண்டால் இரண்டு மூன்று மருத்துவமனை மாறும் அலைச்சல் மிச்சம்.

கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. இது என்ன?

தமனி மெல்ல மெல்லச் சுருங்குவதன் அடையாளம். நடக்கும் சதைக்குத் தேவையான ரத்தம் போய்ச்சேரவில்லை. நின்றால் தேவை குறைகிறது, வலி அடங்குகிறது. நாள் போகப் போக நடக்கும் தூரம் குறையும். பிறகு படுத்திருக்கும்போதே பாதம் எரியும். இரவில் காலைக் கட்டிலிலிருந்து தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விரல் நுனி கருத்தால் திசு சாகத் தொடங்கிவிட்டது.

பீடி, சிகரெட், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு ஆகியவைதான் காரணம். இதில் பீடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பர்ஜர் நோய் என்று ஒன்று இருக்கிறது. 45 வயதுக்குள், பெரும்பாலும் புகைக்கும் ஆண்களுக்கு வருவது. கால் விரல்களில் தொடங்கி, கை விரல்களுக்கும் வரும். சின்னத் தமனிகளும் சிரைகளும் சேர்ந்தே அழன்று உறைந்து அடைக்கும். கொழுப்பும் சர்க்கரையும் இல்லாத, கல்குவாரியில் பாறை உடைக்கும் திடமான வாலிபன் விரல் கருத்து வந்து நிற்பான். புகையிலையை எந்த வடிவிலும் அடியோடு விட்டவர்களுக்குக் கால் பெரும்பாலும் தப்புகிறது. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்கிறவர்களுக்கு நோய் தொடர்ந்து முற்றுகிறது. மருந்தைவிட இந்த ஒன்றுதான் பெரிது.

சர்க்கரை நோயாளிக்கு இந்த வலியெல்லாம் தெரியுமா?

பல சமயம் தெரியாது. நரம்பு மரத்துப்போயிருப்பதால் அடைப்பின் வலி அமுங்கிவிடும். ஆகவே அவர்கள் வலியை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்: நிறம், சூடு, ஆறாத புண். மாரடைப்பும் அவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சிரைப்பு, அசதியாக வந்துவிடுவதுண்டு.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்ட பிறகு கால் வீங்கினால்?

தொப்பூர் கணவாயும் நான்குவழிச் சாலையும் நமக்கு எலும்பு முறிவுகளுக்குக் குறைவு வைப்பதில்லை. கட்டுப் போட்ட காலில் இரண்டு விதமான ஆபத்து. முதல் ஓரிரு நாட்களில் விரல்கள் வெளுத்து அல்லது நீலமாகி, மரத்து, விரலை நீட்டிவிட்டாலே உயிர் போகிறாற்போல் வலித்தால், கட்டு இறுகி ரத்தத்தைத் தடுக்கிறது அல்லது உள்ளே சதையின் அழுத்தம் ஏறிவிட்டது. உடனே கட்டைத் தளர்த்த வேண்டும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டிலும் மருத்துவமனை மாவுக்கட்டிலும் இது நடக்கலாம். ‘கட்டுன்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ’ என்று இரவைக் கடத்தியதால் காலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் ஒரு மாதம் கழித்துக் கெண்டையோ தொடையோ வீங்கினால் அது சிரை உறைவாக இருக்கலாம். முதியவர்களின் இடுப்பு, தொடை எலும்பு முறிவில் இதன் சாத்தியம் அதிகம் என்பதால்தான் ரத்தம் உறையாமல் தடுக்க வயிற்றுத் தோலில் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியை வீட்டுக்கு வந்தபின் ‘இத்தனை ஊசி எதுக்கு’ என்று பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் கால் வீங்குவது இயல்புதானே?

இரண்டு காலும் சாயங்காலத்தில் லேசாக வீங்கிக் காலையில் வடிந்துவிடுவது இயல்பு. (முகமும் கையும் சேர்ந்து வீங்கினால் ரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.) ஒரு கால், குறிப்பாக இடது கால், தொடையோடு வீங்கி வலித்தால் அது இயல்பில்லை. கர்ப்பத்தில் உறைவு சில சமயம் இடுப்புச் சிரையிலேயே தொடங்கும். கெண்டைக்கால் நன்றாக இருக்க, இடுப்பு, தொடை, முதுகின் கீழ்ப்பக்கம் மட்டும் வலிக்கும். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்தான் ஆபத்து அதிகம். சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் கூடுதல்.

பிரசவமான பெண்ணுக்கு மூளைச் சிரைகளிலும் உறைவு வரும். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், பிறகு வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், குழப்பமான பேச்சு. இதைப் பேய் பிடித்தது, காத்துக் கருப்பு என்று கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. பிரசவத்துக்குப் பிறகு தலைவலியும் வலிப்பும் என்றால் மூளை ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

பெரியவர்களிடம் பணிவாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு போடும், ஜன்னி வரும் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் உடலில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகி, இந்த மூளைச் சிரை உறைவுக்கே அது வழிசெய்கிறது. பத்தியச் சோறு இருக்கட்டும், காயமருந்து இருக்கட்டும். தண்ணீரை மட்டும் தாகம் தீரக் கொடுங்கள். மருத்துவர் தடுக்காதவரை அறைக்குள்ளேயாவது அவளை நடக்க விடுங்கள்.

மூளையிலும் இதயத்திலும் தமனி அடைத்தால்?

மூளை என்றால்: வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்கினால் கீழே இறங்கும், பேச்சு குழறும். தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். ஆகவே வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே வர வேண்டும். அடுத்த இரண்டு நாட்களுக்குள் பெரிய பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம்.

இதயம் என்றால்: நடு நெஞ்சில் பாறாங்கல் வைத்த அழுத்தம், இடது தோள், தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை. வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதலில் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

கை, வயிறு, கண் இவற்றிலும் வருமா?

வரும். குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்திய கையில் கயிறுபோல் ஒரு சிரை கெட்டியாகி, சிவந்து வலிப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது மேல்சிரை உறைவு, பெரும்பாலும் தானே அடங்கும். காலில் அதேபோல் வந்து 5 செ.மீ.க்கு மேல் நீண்டாலோ தொடை இடுக்கை நெருங்கினாலோ ஸ்கேன் வேண்டும். வயிற்றுத் தமனி அடைத்தால் நோயாளி வலியில் துடிப்பார், வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கும். இந்தப் பொருத்தமின்மையே அடையாளம். வலியில்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டால் கண்ணின் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும்.

பெங்களூருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன், பயப்பட வேண்டுமா?

தேவையில்லை. 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்து போகும் பயணத்தில்தான் அபாயம் கூடுகிறது. அதுவும் ஆரோக்கியமான ஒருவருக்கு மிகச் சிறியது. இரவு முழுக்க ஓட்டும் லாரி ஓட்டுநர்கள் டீக்கடையில் நிறுத்தும்போது இறங்கி நடக்க வேண்டும், சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்கக் கூடாது. முன்பே உறைவு வந்தவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

என்ன சோதனை செய்வார்கள்?

காலுக்கு டாப்ளர் ஸ்கேன். கருவியை வைத்துச் சிரையை அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுங்கும், உறைவு உள்ள சிரை அமுங்காது. வலி கிடையாது, கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். நுரையீரலுக்கு மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். டி-டைமர் என்ற ரத்தச் சோதனையில் அளவு கூடியிருப்பதால் மட்டும் உறைவு என்று சொல்ல முடியாது. காய்ச்சல், காயம், கர்ப்பம், ஆபரேஷன் எதிலும் அது கூடும். நோய்க்கான வாய்ப்பு குறைவாக இருப்பவருக்கு அது சரியான அளவில் இருந்தால் உறைவு இல்லை என்று ஒதுக்கத்தான் அது உதவுகிறது. லேபில் நீங்களாக எடுத்துப் பார்த்துக் கலங்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எத்தனை நாள்? கீரையே சாப்பிடக் கூடாதாமே?

சிரை உறைவுக்குக் குறைந்தது மூன்று மாதம். காரணம் தெரியாமல் வந்தவர்களுக்கும் திரும்ப வந்தவர்களுக்கும் நீண்ட காலம். வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. இந்த மருந்துகள் கட்டி மேலும் வளராமலும் புதிதாக வராமலும் தடுக்கின்றன, கரைக்கும் வேலையை உடல் மெல்லச் செய்துகொள்கிறது.

கீரைப் பிரச்சினை வார்ஃபரின், அசெனோகூமரால் மாத்திரைகளுக்கு மட்டும். கீரையை விட வேண்டாம், வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவீர்களோ அதே அளவில் வைத்துக்கொண்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும். ரிவரோக்ஸாபான், அபிக்ஸாபான் சாப்பிடுகிறவர்களுக்குக் கீரைக் கணக்கு இல்லை. ஆனால் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் அவை கூடாது. எந்த மாத்திரையானாலும் மலம் தார்போல் கருத்துப் போனால், தலையில் அடிபட்டால் உடனே வாருங்கள். மெடிக்கலில் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

கோவிஷீல்டு போட்டிருக்கிறேன். இப்போது உறைவு வருமா?

அந்தத் தடுப்பூசியால் மிக அரிதாக வந்த உறைவு, ஊசி போட்ட சில நாட்களிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் வந்தது. வருடங்கள் கடந்த பிறகு அதை நினைத்துப் பயப்படக் காரணம் இல்லை.

என் அண்ணனுக்கு முப்பத்தைந்து வயதில் காலில் உறைவு வந்தது. எனக்கும் வருமா?

வரலாம், வராமலும் போகலாம். அண்ணன், தம்பி, பெற்றோர் இவர்களில் ஒருவருக்கு இளம் வயதில், காரணமே இல்லாமல் வந்திருந்தால் உங்களுக்குச் சாத்தியம் மற்றவர்களைவிடக் கூடுதல். அதற்காக இப்போதே மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை. ஆபரேஷன், கர்ப்பம், கர்ப்பத்தடை மாத்திரை என்று ஏதாவது வரும்போது ‘எங்கள் வீட்டில் இப்படி ஒருவருக்கு இருக்கிறது’ என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணனின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து உங்கள் செல்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.